சந்தனம் வைத்த கலர் சார்ட்டர்

1. விஜயதசமி காலை

விஜயதசமி அன்று காலை அண்ணாகிராமத்திலிருந்து ராஜவேலு அண்ணன் போன் செய்தார். முந்திரி பேக்டரி முதலாளி. எங்கள் கம்பெனி மூலமாகக் கலர் சார்ட்டர் வாங்கியவர். போனில் நலம் விசாரிக்கும் வழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது.

"ஏம்மா, உங்க மெஷினுக்குக் கிறுக்குப் புடிச்சிப் போச்சி. நல்ல பருப்பு, சொத்தப் பருப்பு எல்லாத்தையும் தூக்கிக் கழிவுல போடுது. ஒண்ணு கூட தேறல. ஒடனே கெளம்பி வா."

கலர் சார்ட்டர் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். தோல் நீக்கிய முந்திரிப் பருப்பு மேலேயிருந்து ஒரு தகட்டில் சறுக்கிக்கொண்டு விழும். விழும்போதே இரண்டு பக்கமிருந்தும் கேமரா படம் பிடிக்கும். வெள்ளைப் பருப்பு என்றால் போக விட்டுவிடும். கருகியது, பூச்சி அரித்தது என்றால் கீழேயிருக்கும் வால்வு ஒரு ஊது ஊதி அதை வேறு தொட்டிக்குத் தள்ளிவிடும். முன்பு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் பொறுக்கிய வேலை இது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செம்மண்டலத்தில் இருக்கும் ஒரு ஷெட்டில் வேலை. வாசல் போர்டில் "முந்திரி இயந்திர உற்பத்தியாளர்கள்" என்று எழுதியிருக்கும். உள்ளே எதுவும் உற்பத்தியாகவில்லை. சீனாவிலிருந்து வரும் பெட்டியைப் பிரித்து, எங்கள் பெயர் போட்ட ஸ்டிக்கரை ஒட்டி, வாங்கியவர் இடத்தில் நிறுத்தி ஓட்டிக் காட்டுவதுதான் தொழில். என் விசிட்டிங் கார்டில் "டிசைன் மேனேஜர்" என்று போட்டிருந்தது. ஸ்டிக்கரைக் கோணாமல் ஒட்டுவதற்கு ஒரு டிசைன் மேனேஜர். அந்தக் கார்டை யாருக்கும் கொடுக்க எனக்குப் பிடிக்காது.

2. கடைக்காரர்கள் ஆன கதை

சிதம்பரத்தில் இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்ஜினியரிங் படித்துவிட்டு நான் இங்கே சேர்ந்தபோது நிலைமை இப்படி இல்லை. கொட்டையை வேகவைக்கும் குக்கர், பருப்பைக் காயவைக்கும் டிரையர், டிரையரின் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் எல்லாம் நாங்களே செய்தோம். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் கன்ட்ரோலர் மழைக்காலத்தில் தன் இஷ்டத்துக்கு நடக்கும். நாம் ஒரு டிகிரி வைத்தால் அது வேறு டிகிரியில் போய் நிற்கும். டிரையருக்கு ஆர்டர் கொடுத்தவர் மாதக்கணக்கில் காத்திருப்பார். திட்டிக்கொண்டே வாங்கிப் போவார். வேறு எங்கே போவார்? வெளிநாட்டு மெஷின் என்றால் வரியைக் கேட்டே மயக்கம் வந்துவிடும். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று யாராவது என் எதிரில் பேசினால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பிறகு வரி படிப்படியாகக் குறைந்தது. கையடக்கமான வெளிநாட்டுக் கன்ட்ரோலர் ஒன்று எங்கள் விலையில் பாதிக்கும் கீழே வந்தது. முதலாளி சம்பந்தம் சார் அதையும் எங்களுடையதையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"நீயே சொல்லும்மா. காசு உன்னுதா இருந்தா எத வாங்குவ?"

"அதைத்தான் சார்" என்று வெளிநாட்டுக் கன்ட்ரோலரைக் காட்டினேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அத்தோடு கன்ட்ரோலர் செய்வது நின்றது. எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், எங்கள் கன்ட்ரோலர் மழைக்காலத்தில் ஏன் தடுமாறுகிறது என்று அந்த வாரம்தான் கண்டுபிடித்திருந்தேன். ஈரம்தான் காரணம். உள்ளேயிருக்கும் சர்க்யூட் போர்டின்மேல் ஒரு கோட் வார்னிஷ் அடித்தால் சரியாகியிருக்கும். வார்னிஷ் டப்பாவைக்கூட வாங்கி வைத்திருந்தேன்.

அடுத்து கியர் பாக்ஸ் வெளியிலிருந்து வந்தது. அப்புறம் ப்ளோயர். அப்புறம் டிரையரே முழுசாக வந்தது. ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுப் பார்த்தோம், வாங்குவதுதான் லாபம் என்று வந்தது. கணக்கில் ஒரு தடவைகூடத் தப்பில்லை. கடைசியில் இரும்பு கடையும் லேத்தையே விற்றோம். அது நின்ற இடத்தில் அட்டைப்பெட்டிகளை அடுக்கினோம்.

3. கண்ணு இருக்குதே

நான் போய்ச் சேர்ந்தபோது சார்ட்டர் கழுத்தில் மாலை வாடிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. முதல் நாள் ஆயுத பூஜை. பேக்டரியில் பாய்லர், தராசு, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு. சார்ட்டரின் முன்கதவைத் திறந்தேன். உள்ளே கேமராவுக்கு முன்னால் இரண்டு கண்ணாடி ஜன்னல்கள் உண்டு. இரண்டும் வெள்ளை பூத்துப் போயிருந்தன.

"இதுல யாரு கைய வெச்சது?"

ராஜவேலு அண்ணனின் மனைவி மல்லிகா அக்கா கொஞ்சமும் தயங்காமல் சொன்னார். "நான்தான். மத்த மெஷினுக்கெல்லாம் நெத்தியில வெச்சேன். இதுக்குத்தான் கண்ணு இருக்குதே, ரெண்டு கண்ணுக்கும் வெக்காம எப்படி உட்றது? நல்லா கொழப்பி, பெரிசா வெச்சேன்."

அதாவது இரண்டு கேமராவுக்கும் நட்டநடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். காலையில் ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள். மஞ்சள் கறை போகவில்லை. ஆபரேட்டர் பெயின்ட் தின்னரை ஊற்றி அழுத்தித் தேய்த்திருக்கிறார். அது கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக். தின்னர் பட்டதும் வெந்து வெளுத்துவிட்டது.

மெஷினோடு வந்த புத்தகத்தில் தண்ணீர் படக்கூடாது, எலி நுழையக்கூடாது என்றெல்லாம் இருக்கிறது. சந்தனத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மெஷின் எந்த ஊருக்குப் போகிறது என்று அதைச் செய்தவர்கள் யோசிக்கவில்லை. அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய நாங்கள் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

மெஷின் செய்த சீனக் கம்பெனியின் சென்னைப் பிரதிநிதிக்குப் போன் போட்டேன்.

"மேடம், விண்டோ மட்டும் தனியா வராது. கேமரா மாட்யூலோட சேர்த்துதான் மாத்தணும். ஸ்டாக் இல்ல, கப்பல்லதான் வரணும்."

"நாங்களே கழட்டி வேற கண்ணாடி போட்டா?"

"சீல் உடைஞ்சா வாரண்டி கிடையாது மேடம். செட்டிங்ஸும் நீங்க மாத்த முடியாது. பாஸ்வேர்டு எங்ககிட்டதான் இருக்கு."

கப்பல் வருவதற்குள் தீபாவளி வந்து போய்விடும். தீபாவளி ஸ்வீட்டுக்குப் பருப்பு அனுப்புவதாகச் சென்னைக் கடைகளுக்கு ராஜவேலு அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். இந்த முறை கைவிட்டால் அடுத்த வருஷம் அவர்கள் வேறு பேக்டரிக்குப் போய்விடுவார்கள்.

"பழையபடி கையால பொறுக்க ஆள் கூப்புட்டா என்னண்ணே?" என்று கேட்டேன்.

"கூப்புடாம இருப்பேனா? மெஷின் வந்தவொடனே வேலையில்லன்னு அனுப்பிட்டோம். அவுங்கல்லாம் துணி கம்பெனி வேன்ல ஏறிப் போறாங்க. கூப்புட்டா, 'இப்பத்தான் நாங்க கண்ணுக்குத் தெரியறமா'ன்னு கேக்குறாங்க." சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டார். "நீ சீல உடைம்மா."

"வாரண்டி போயிடும்ணே."

"தீபாவளி போனப்புறம் வாரண்டிய வெச்சி நாக்கா வழிக்கிறது? உடை."

பிளேடால் சீலைக் கீறினேன். பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, குஷியாக இருந்தது. ஒரு மெஷினின் உள்ளே கைவிட்டு எவ்வளவு காலமாகிவிட்டது!

4. சிதம்பரத்துக் கண்ணாடி

முதலில் பண்ருட்டியில் ஜன்னல் கண்ணாடிக் கடையில் இரண்டு துண்டு வெட்டி வாங்கி வந்து பொருத்தினேன். மெஷின் ஓடியது. ஆனாலும் நல்ல பருப்பில் பெரும்பகுதியைக் கழிவில்தான் தள்ளியது. கண்ணாடி தெளிவாகத்தானே இருக்கிறது என்று கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். நேராகப் பார்த்தால் நிறம் தெரியவில்லை. ஓரத்தைப் பார்த்தால் பச்சை. சாதாரண ஜன்னல் கண்ணாடியில் லேசான பச்சை ஓட்டம் உண்டு. நம் கண் அதைக் கண்டுகொள்ளாது. மெஷின் கண்டுகொண்டது. அதன் கணக்கில் எல்லாப் பருப்பும் மங்கல்.

பாஸ்வேர்டு இருந்திருந்தால் செட்டிங்கில் கொஞ்சம் பச்சையைக் குறைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். அது இல்லை. அதனால் மெஷினை மாற்ற முடியாது, கண்ணாடியைத்தான் மாற்ற வேண்டும். போர்டு எழுதும் கடையில் அக்ரிலிக் ஷீட் வாங்கி முயன்றேன். பருப்புத் தோலின் தூசி அதில் ஈயாக மொய்த்துக்கொண்டது. மல்லிகா அக்கா பக்கத்தில் நின்று, "நான் வெச்ச பொட்டே பரவால்ல போலருக்குதே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நிறத்தை உள்ளபடி காட்டும் கண்ணாடி வேறு எந்தச் சாமானில் இருக்கும்? பேக்டரி வாசலில் நடந்துகொண்டே யோசித்தேன். உட்கார்ந்தால் எனக்கு யோசனை வராது. எதையாவது படம் பிடிக்கிற, அதையும் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பிடிக்கிற சாமானாக இருக்க வேண்டும். அப்போதுதான் படிக்கிற காலத்தில் நாங்கள் தவம் கிடந்த ஜெராக்ஸ் கடைகள் ஞாபகம் வந்தன. தாளை வைக்கும் அந்தக் கண்ணாடி!

மறுநாள் சிதம்பரம் போனேன். மாணவர்கள் மொய்க்கும் தெருவில் ஒரு கடை. ஓரத்தில் பழைய கலர் ஜெராக்ஸ் மெஷின் ஒன்று சும்மா கிடந்தது.

"இதோட கண்ணாடி மட்டும் வேணும்" என்றேன்.

"கண்ணாடி மட்டுமா? மெஷினையே தூக்கிட்டுப் போங்க மேடம். எடத்த அடச்சிக்கிட்டு நிக்குது."

கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டு சன்னதித் தெருவில் நடராஜர் படத்துக்கு பிரேம் போடும் கடைக்குப் போனேன். ஓரத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், பச்சை தெரியவில்லை. பிரேம் போடுபவரிடம் அளவைச் சொல்லி, கீறல், விரல்ரேகை எதுவும் படக்கூடாது என்று படுத்தி எடுத்தேன்.

"எந்த சாமி படத்துக்கு மேடம் இவ்ளோ சுத்தம் பாக்குறீங்க?"

"முந்திரிக்கொட்டைக்கு."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு வெட்டிக் கொடுத்தார்.

அன்று மதியமே பொருத்தினேன். மெஷினைப் போட்டதும் வெள்ளைப் பருப்பு சரசரவென்று நல்ல தொட்டியில் விழ ஆரம்பித்தது. லேசாகக் கருகியது ஒன்றிரண்டு தப்பித்து வந்தது, பாஸ்வேர்டு கேட்காத திருகைத் திருப்பி, பருப்பு விழும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன், அதுவும் நின்றது. ராஜவேலு அண்ணன் ஒரு கைப்பிடி அள்ளி, திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். "ம். பரவால்ல." அவர் வாயிலிருந்து இதற்குமேல் வராது. எனக்கு ஆகாயத்தில் நடப்பது போல இருந்தது. தீபாவளிச் சரக்கு சொன்ன நாளில் லாரி ஏறியது.

5. நன்றிக்குப் பதில்

அந்தச் சந்தோஷத்தில் சீனக் கம்பெனிக்கு விவரமாக ஒரு மெயில் அனுப்பினேன். எங்கள் ஊரில் மெஷினுக்குப் பொட்டு வைப்பார்கள், அதைத் துடைப்பார்கள், எனவே பிளாஸ்டிக்குக்குப் பதில் நிறமற்ற கண்ணாடி போடுங்கள் என்று படத்தோடு எழுதினேன். அவர்களுக்கு உபயோகமாக இருக்கும் என்று மனதார நம்பினேன்.

பதிலாக ஒரு உறுதிமொழிப் பத்திரம் வந்தது. டீலர் இனி எந்த மெஷினையும் திறக்கக்கூடாது, திறந்தால் டீலர்ஷிப் ரத்து. சம்பந்தம் சார் கையெழுத்துப் போட வேண்டும்.

"பாராட்டி மாலை போடுவான்னு நெனச்சியா?" என்று சம்பந்தம் சார் கேட்டார்.

"இதுல கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா நான் எதுக்கு சார் இங்க? ஸ்டிக்கர் ஒட்ட யார வேணா வெச்சிக்கலாம்."

"நீ சொல்றது நாயந்தாம்மா. ஆனா நம்ம எல்லாருக்கும் சோறு இந்தப் பொட்டியிலேருந்துதான் வருது."

"நாமளே ஒரு சார்ட்டர் செய்யலாம் சார். உள்ள பாத்துட்டேன். ஒண்ணும் மாயமில்ல."

"செஞ்சி? யாரு வாங்குவா? ராஜவேலுகிட்ட கேளு. அவன் வாங்குறேன்னா நான் இதக் கிழிச்சிப் போட்டுடறேன்."

நான் கேட்டேன். ராஜவேலு அண்ணன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"வாங்க மாட்டேம்மா. ரிப்பேருக்கு ஒன்ன உட்டா ஆளில்ல, அத நூறு தடவ சொல்லுவேன். ஆனா மொதமொத செய்யிற மெஷின என் தலையில கட்டாத. சீசன்ல நின்னா நான் தெருவுலதான் நிக்கணும்."

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதனாலேயே ஆத்திரம் அதிகமாக வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. சம்பந்தம் சார் சொல்வதும் நியாயம், ராஜவேலு அண்ணன் சொல்வதும் நியாயம், வீட்டுக்குப் போவது நான். அன்றே ராஜினாமா எழுதலாமா என்று நினைத்தேன். பத்திரத்தில் கையெழுத்து விழட்டும், அன்றைக்கே எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். சாரும் கையெழுத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

6. பலாமரத்தடி போன்

தை பிறந்த பிறகு ராஜவேலு அண்ணன் இரண்டாவது சார்ட்டர் வாங்க முடிவு செய்தார். அட்வான்ஸ் வாங்கக் கம்பெனிப் பிரதிநிதியே அண்ணாகிராமத்துக்கு வந்தார். நானும் சம்பந்தம் சாரும் போயிருந்தோம். வந்த இடத்தில் பிரதிநிதி அந்த உறுதிமொழிப் பத்திரத்தையும் எடுத்து சாரிடம் நீட்டினார். "இதையும் முடிச்சிட்டா நல்லாயிருக்கும் சார்."

சம்பந்தம் சார் பேனாவை எடுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ராஜவேலு அண்ணன் கேட்டார். "இன்னா கையெழுத்து மச்சான் அது?" இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள், மச்சான் முறை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

சார் விஷயத்தைச் சொன்னார். ராஜவேலு அண்ணன் பிரதிநிதியைப் பார்த்தார்.

"அப்ப வர்ற ஆயுத பூஜைக்கு எம்பொண்டாட்டி மறுபடியும் பொட்டு வெச்சா நான் யாரக் கூப்புடறது? நீ கப்பல்ல வருவியா?"

"சார், அது கம்பெனி பாலிசி..."

"உன் பாலிசி உன்கிட்ட இருக்கட்டும். இந்தம்மா மெஷினத் தொறக்கலாம்னு எழுதிக் குடு. பாஸ்வேர்டு குடு. உள்ள இன்னா இருக்குதுன்னு சொல்லியும் குடு. அப்பத்தான் அட்வான்ஸ். இல்லன்னா இருக்கவே இருக்கான் இன்னொரு கம்பெனிக்காரன், நாளைக்கி வரேன்னு சொல்லியிருக்கான்."

பிரதிநிதி போனை எடுத்துக்கொண்டு வெளியே பலாமரத்தடிக்குப் போனார். நடக்காது என்று எனக்கு உறுதியாகத் தெரியும். மல்லிகா அக்கா டீ கொண்டு வந்து கொடுத்தார். அதைக் குடித்து முடிப்பதற்குள் பிரதிநிதி திரும்பி வந்துவிட்டார்.

"சரின்னுட்டாங்க சார். மேடத்துக்கு ட்ரெயினிங்கும் குடுத்துடறோம்." உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார். "வாங்கறப்ப கேட்டா குடுப்பாங்க சார். டீலருங்க யாரும் கேக்கறதில்ல."

அந்த வாக்கியத்தை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை. நாங்கள் எத்தனை மெஷின் விற்றிருக்கிறோம்! விலையைக் குறை என்றோம், சீக்கிரம் அனுப்பு என்றோம், ஸ்டிக்கர் ஒட்ட இடம் விடு என்றோம். உள்ளே இருப்பதைச் சொல்லிக்கொடு என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. சம்பந்தம் சார் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.

இந்தத் துறைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். வெளிநாட்டு மெஷின் வரட்டும், அது வந்ததால்தான் எங்கள் கன்ட்ரோலர் எவ்வளவு மட்டம் என்று எங்களுக்கே தெரிந்தது. ஆனால் வாங்குவதற்கு முன்னால்தான் நம் பேச்சுக்கு மரியாதை. அட்வான்ஸ் கைமாறிவிட்டால் போனை எடுக்கவே மாட்டார்கள். அந்த நேரத்தில் விலையை மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். ஒரு பேக்டரிக்கு மட்டுமல்ல, ஊருக்கும் நாட்டுக்கும் இதே பேச்சுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ட்ரெயினிங்குக்குப் போனேன். பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைந்தால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக செட்டிங். பாதிக்குமேல் புரியவில்லை. உள்ளே ஒன்றும் மாயமில்லை என்று சாரிடம் அடித்துப் பேசியவள் நான். திரும்பி வந்து மறுபடி பாடப்புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு படித்தேன்.

ஷெட்டில் லேத் இருந்த இடத்திலிருந்து அட்டைப்பெட்டிகளை சார் அகற்றச் சொன்னார். "டீலர்ஷிப்பும் ஓடட்டும், இதுவும் ஓடட்டும். எவ்ளோ நாளுன்னு மட்டும் கேக்காத, எனக்கே தெரியாது" என்றார். அங்கே இப்போது ஒரு சின்ன சார்ட்டர் செய்துகொண்டிருக்கிறேன். ஓட்டிப் பார்க்கப் பருப்பு ராஜவேலு அண்ணன் தருகிறார். வாங்கப் போவதில்லை என்பதில் மாற்றமில்லை, பருப்பையும் எடை போட்டுத்தான் தருகிறார், எடை போட்டுத்தான் திரும்ப வாங்குகிறார்.

போன வாரம் அவரே ஷெட்டுக்கு வந்தார். என் சார்ட்டரைப் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணெதிரிலேயே முழு வெள்ளைப் பருப்பு ஒன்றை ஊதிக் கழிவில் தள்ளியது. குனிந்து அதை எடுத்துப் பார்த்தார்.

"கேமரா எங்கேருந்தும்மா?"

"சீனாண்ணே."

"வால்வு?"

"அதுவும் வெளியிலதான்."

"அப்ப இதுல உன்னுது இன்னாதான் இருக்குது?"

"தப்பு என்னுதுண்ணே" என்றேன். "பருப்பு உருண்டுகிட்டு வருது, வால்வு கொஞ்சம் முந்தி ஊதுது. யாரையும் கேக்க வேணாம். நாளைக்கி சரி பண்ணிடுவேன்."

அவர் அந்தப் பருப்பை வாயில் போட்டு மென்றார்.

"அப்ப நாளானிக்கி வரேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.